செவ்வாய்க்கிழமைக் குறிப்புகள்

செவ்வாய். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் நாள். புதன்கிழமை தடுப்பூசி.

நல்ல காரியத்துக்குச் செவ்வாய் ஆகாது என்பார்கள். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஒரு ஷிப்ட் சம்பளம் போகிறதே, அதுதான்.

பெருமாநல்லூர் நால்ரோடு. திருப்பூர்–கோபி சாலையும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடம். லாரிகள். பனியன் கம்பெனி வேன். டீக்கடையில் ஒடியா, இந்தி, நம்ம ஊர் "ஏனுங்க".

சுகாதார நிலைய வரிசையில் பேச்சு: விரல்ல குத்துவாங்களா, நரம்புல எடுப்பாங்களா. எதற்கு எடுக்கிறார்கள் என்று பேச்சே இல்லை.

"ரத்தம் எவ்வளவு இருக்குதுங்க?" எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி. ஒன்பது பாயிண்ட், பத்து பாயிண்ட். அடுத்து சர்க்கரை.

எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி. இவற்றுக்குச் சோதிப்பதும் அதே ரத்தம்தான். பேர் சொல்லி யாரும் கேட்பதில்லை.

கர்ப்பிணியின் புத்தகத்தில் 'வி.டி.ஆர்.எல்.' என்று இருக்கும். சிபிலிஸ் என்கிற மேகநோய்க்கான சோதனை என்று வீட்டில் மாமியாருக்குத் தெரியாது. தெரியாததும் நல்லதுக்குத்தான் போல.

இருந்தால் என்ன? தொடக்க நிலை என்றால் பென்சதைன் பென்சிலின், 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஒரே தடவை. கெட்டியான வெள்ளை மருந்து, ஊசியில் அடைத்துக்கொள்ளும். போட்ட இடம் ரெண்டு நாள் வலிக்கும். பழைய மருந்து, விலை அதிகமில்லை. விட்டுவிட்டால் குழந்தை செத்தே பிறக்கலாம்.

1986, சென்னை. நாட்டிலேயே முதலில் எச்.ஐ.வி. தெரியவந்தது அங்கேதான். டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி, அவருடைய மாணவி நிர்மலா எடுத்த ரத்தம். வைக்க இடம் இல்லாமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பிறகு ராத்திரி ரயிலில் காட்பாடி, வேலூர் சி.எம்.சி.

அந்த ஃப்ரிட்ஜில் பக்கத்தில் என்ன இருந்திருக்கும்? தயிர்? மாவு?

புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் விளம்பரமாகக் கேட்ட கேள்வி. சுவரில் ஆம்பளை பேர்; வரிசையில் பெண்கள்.

கணவன்மார் வெளியே, பைக் மேல் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். ஒருத்தர் மட்டும் உள்ளே வந்தார். ஆதார் ஜெராக்ஸ் கொடுக்க.

எச்.ஐ.வி. உள்ளே வந்தும் சோதனையில் தெரியச் சில வாரம் ஆகும். மூன்று மாதம்கூட ஆகலாம். கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் 'இல்லை' என்றால் ஒன்பதாம் மாதம்? திரும்பப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. வீட்டுக்காரருக்குப் பார்த்தாச்சா என்று கேட்கிறவர்கள் குறைவு.

சாத்தூர், 2018 டிசம்பர். கர்ப்பிணி. ரத்தம் கம்மி என்று ஏற்றினார்கள். ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. கொடுத்த பையன் வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்தபோதுதான் தெரிந்துகொண்டான். அவனேதான் தகவல் சொன்னான். அவன் உயிரோடு இல்லை.

அடுத்த மாதம் குழந்தை பிறந்தது. சோதனையில் தொற்று இல்லை. கர்ப்பத்திலேயே மாத்திரை ஆரம்பித்தால் பெரும்பாலும் அப்படித்தான். விட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்கு வரும்.

கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் மிஷின் நிற்கும். எல்லாத் துண்டும் கிடைக்கோணும். தேடி எடுத்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டோணும், தேதி போட்டு. கிடைக்கவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிற பீஸ் எல்லாம் ஒதுக்கு. குழந்தை உடுப்பு என்றால் பெட்டி கட்டுமுன் ஒவ்வொன்றும் டிடெக்டருக்குள் போய் வரும்.

வாங்குகிறவன் ஐரோப்பாவில் இருக்கிறான். அங்கே ஒரு குழந்தைக்குக் குத்திவிடக் கூடாது.

இங்கே குழந்தைக்குக் காமாலை பி. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைக்கு ஆயுசுக்கும் தங்கிவிடும். பெரியவர்களுக்கு நூற்றில் ஐந்துகூட இல்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசி. தாய்க்கு இருந்தால் இன்னொரு ஊசியும், 12 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது.

"காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கோணுமல்லோ?" பெரும்பாலும் இருக்காது.

காமாலைக்குக் கீழாநெல்லி. 1988 லான்செட்டில் சென்னை தியாகராஜன் குழுவின் கட்டுரை. கூட ப்ளூம்பெர்க்; இந்த வைரஸுக்காகவே நோபல் வாங்கியவர். மருந்து தின்ற 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தார்கள். அதே பலன் வரவில்லை. கீழாநெல்லிக் கட்டு சந்தையில் இன்றும் விற்கிறது.

2017 சட்டம்: எச்.ஐ.வி. சோதனைக்கு விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். எந்த மொழியில்? ஒடியாவில் சொல்ல யார்?

கர்ப்பத்தைப் பதிந்து தருகிற பிக்மி நம்பர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்து 18,000 ரூபாயும் (பெட்டகம் சேர்த்து) அதை ஒட்டித்தான். நம்பருக்காக வந்தவர்கள் ரத்தமும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நம்பரை மனப்பாடமாகச் சொல்கிறாள் ஒருத்தி. ரிசல்ட் கேட்டால் "நார்மல்னு சொன்னாங்க".

பக்கத்து நாடான இலங்கை 2019-இலேயே சான்று வாங்கிவிட்டது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் போவதை ஒழித்ததாக, உலக சுகாதார நிறுவனத்திடம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். பக்கத்து அவிநாசி என்றால் சரி. ஒடிசாவின் கலஹண்டி என்றால்?

எச்.ஐ.வி. இருக்கிற தாயின் குழந்தைக்கு ஆறாம் வாரம் குதிகாலில் குத்தி, அட்டையில் சொட்டுவிட்டு, காயவைத்து அனுப்புவார்கள். அப்புறம் ஆறாம் மாதம். ஒரு வருஷம். கடைசியாகப் பதினெட்டாம் மாதம். அதில் இல்லை என்றால்தான் இல்லை.

பதினெட்டு மாதம் ஒரே லைன் வீட்டில் இருக்கிறவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர்? ஆர்டர் குறைந்தால் பாதி ரூம் காலி.