முதலில் இரும்புக்கடை

ரெட்டியார்பாளையத்தில் கோழி வளர்க்கிறேன் என்றால் சிரிப்பார்கள். விழுப்புரம் சாலையின் இரைச்சல் ஓய்வதில்லை, சுற்றிலும் மாடிவீடுகள். ஆனால் இடையிடையே விலை ஏறட்டும் என்று போட்டுவைத்த காலி மனைகளில் முட்புதர் மண்டிக் கிடக்கிறது. அங்கே கீரி குடும்பம் நடத்துகிறது.

எங்கள் கொல்லையில் இருந்த சிறுவிடைக் கோழிகள் பட்டப்பகலில், வலையடித்த அடைப்புக்குள்ளேயே செத்துக் கிடந்தன. தின்றது ஒன்றை மட்டும். மற்றவற்றுக்குக் கழுத்தில் கடி, இறகுகூடக் கலையவில்லை. "பசிக்குத் தின்னா பரவாயில்ல, இது கொழுப்பெடுத்த வேல" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

கொழுப்பு இல்லை. ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972-இல் இதைப் பற்றி எழுதினார். வயிறு நிறைந்த விலங்கு இரை தேடி அலையாது. ஆனால் தப்பிக்க வழியற்ற இரை கண்ணெதிரே படபடத்தால் கடிக்காமலும் இருக்காது. திறந்த வெளியாக இருந்தால் ஒன்று சிக்கியதும் மற்றவை சிதறியிருக்கும். அடைப்புக்குள் எங்கே ஓடுவது?

பொறி வை, விஷம் வை என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கீரியைக் கொல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விஷத்தைத் தெருநாயும் காக்கையும் தின்று சாகும். ஒரு கீரி போனாலும் அந்தப் புதருக்கு இன்னொன்று வரும்.

கடையில் கோழி வலை என்று விற்கும் அறுகோணக் கண்ணி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும். அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ்தான் தாங்கும். கீரி மண்ணைப் பறிக்கும். ஆகவே வலையை ஓரடி ஆழம் புதைத்து, அடியை வெளிப்பக்கம் மடக்கிவிட வேண்டும். மரநாய் ராத்திரியில் கூரைவழி இறங்கும். மேலேயும் வலை வேண்டும். முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டால் சாரைப்பாம்புக்கு வேலையில்லை. குஞ்சுகளைப் பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்தால் காக்கைக்கும் வல்லூறுக்கும் பயப்பட வேண்டாம். நாய் புரட்டாதிருக்க மேலே ஒரு கல். பொழுது சாய்ந்ததும் கோழி தானாக வந்து அடையும். கதவைச் சாத்திக் கொக்கி மாட்டுவது மட்டும் நம் வேலை.

கோழி வாங்க நினைப்பவர்கள் முதலில் இரும்புக்கடைக்குப் போங்கள். சந்தைக்கு அப்புறம் போகலாம்.