தேநீரும் குளிசையும்

2011ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் மூத்த மகள் பிறந்தாள். மாதம் நிறைந்து பிறந்த பிள்ளை. ஆயினும் தராசு காட்டியதோ 1 கிலோ 950 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் அது குறைநிறைப் பிள்ளை. காரணம் கேட்ட எனக்கு வைத்தியர் என் மனைவியின் கிளினிக் அட்டையை விரித்துக் காட்டினார். ஈமோகுளோபின் 9. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தாலே குருதிச்சோகையாம்.

"இரும்புச்சத்துக் குளிசைகளை ஒழுங்காக விழுங்கினாரா?"

"ஒருநாளும் தவறவில்லை, ஐயா" என்றேன். உண்மைதான். நாள்தோறும் காலையில் என் கையாலேயே தேநீர் தயாரித்து, அதனோடு குளிசையையும் நீட்டியவன் நான். நல்ல கணவன் என்ற பெருமிதமும் அதிற் சிறிது கலந்திருந்தது.

நானோ கல்லூரியில் இரசாயனம் கற்பிப்பவன். தேயிலைச் சாயத்திற் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலைச் சில துளி விட்டு, அது மைபோலக் கறுப்பதை ஆண்டுதோறும் மாணவருக்குக் காட்டி வந்தவன். தேயிலையிலுள்ள தனின் இரும்பைப் பற்றிக்கொள்ளும். அவ்வாறு பற்றப்பட்ட இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சாது. ஆய்கூடத்தில் அறிந்தது அடுக்களையில் நினைவுக்கு வரவில்லை.

என் அன்னையாரோ, "அளவாய்ச் சாப்பிடு, பிள்ளை. வயிற்றுப்பிள்ளை பெருத்தால் பேறு வில்லங்கம்" என்று அன்போடு சோற்றைக் குறைத்தார். வைத்தியசாலை எட்டாத நாளில் வந்த அச்சம் அது. அந்நாளில் அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் சிசுவின் நிறை பெரும்பாலும் ஏறுவது கடைசி மூன்று மாதங்களிலே. எங்கள் வீட்டில் அப்பொழுதுதான் தட்டிற் சோறு சுருங்கிற்று. கிளினிக்கிற் கொடுத்த திரிபோஷாவோ சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து உருண்டையாகி, பாதிக்குமேல் என் வாய்க்குட் போயிற்று. (அதன் சுவையை இன்றும் மறுக்கமாட்டேன்.)

வைத்தியர் பழியை ஒரு காரணத்தின்மேல் மட்டும் சுமத்தவில்லை. தாய் கருவுறுமுன்பே மெலிந்திருத்தல், மிக இளம் வயது, பேறுகளுக்கிடையே போதிய இடைவெளியின்மை, உயர் குருதியமுக்கம், வீட்டிலுள்ளோர் விடும் புகையிலைப் புகை என்று சொல்லிக்கொண்டே போனார். கலியாணத்தின்போது என் மனைவியின் நிறை 42 கிலோ. அதனைக் கொடியிடை என்று புகழ்ந்தவனும் நானே.

2015இல் அவர் மீண்டும் கருவுற்றபோது குளிசை இரவுக்கு மாறிற்று. தேநீருக்குப் பதிலாகத் தேசிக்காய்த் தண்ணீர். இரும்பு உடலிற் சேர அதன் புளிப்பு துணைசெய்யும். திரிபோஷாப் பேணியை நான் தொடுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. மருத்துவமாது வீட்டுக்கு வந்து அன்னையாரிடம் நெடுநேரம் பேசிவிட்டுப் போனபின், அவரே வலிந்து இன்னொரு அகப்பை சோறு வைக்கலானார்.

மகன் 2 கிலோ 850 கிராம். பேறு வில்லங்கமாகவில்லை என்று அன்னையாரே அயலெல்லாம் சொல்லித் திரிந்தார்.