லிஸ்பனிலிருந்து கோவாவிற்கு

பழைய கோவாவின் போம் ஜேசு பேராலயத்தினுள் நுழைவோர், உயர்ந்த மேடைமீது விளங்கும் வெள்ளிப் பேழையை அண்ணாந்து நோக்காமல் திரும்புவதில்லை. நம் முத்துக்குளித்துறை மக்களின் ஞானத் தந்தையாகிய புனித சவேரியாரின் திருவுடல் அதனுள் துயில்கிறது. நாமும் அங்ஙனம் நோக்கி நின்றவேளை, அருகில் நின்ற தமிழ்ச் சிறுவன் ஒருவன், "அப்பா, இவர் எங்கிருந்து வந்தார்? வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று?" என வினவினான். தந்தை புன்னகைத்தாரேயன்றி விடை பகரவில்லை. அவ்விடையை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அவர் கப்பலேறிய துறைமுகம் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன். அந்நகருக்கும் கோவாவிற்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 8,300 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் விரையும் விமானம் நேரே பறக்குமாயின், ஒன்பது மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். இடையில் இறங்கி விமானம் மாறிச் செல்வோருக்கும் ஒரு பகலும் ஓர் இரவும் பெரும்பாலும் போதும். கோவாவில் இறங்கியதும் கைக்கடிகாரத்தைக் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும், கோடையில் நாலரை மணியும் முன்னே தள்ளி வைத்தல் வேண்டும்.

சவேரியாரோ, 1541 ஏப்ரல் 7 ஆம் நாள், தம் 35 ஆம் பிறந்த நாளன்று, லிஸ்பனில் பாய்மரக் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் இல்லாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி வருதலால் வழி இருமடங்கிற்கும் மேல் நீண்டது. கினிக் கடற்கரையருகே காற்றின்றிக் கப்பல் பல நாள் அசையாது நின்றது. இவ்வாறு காலம் தாழ்ந்தமையால், இந்தியாவிற்கு உந்திவரும் தென்மேற்குப் பருவக்காற்று அவ்வாண்டு தவறிப்போயிற்று. எனவே மொசாம்பிக் தீவில் ஏறக்குறைய ஆறு திங்கள் காத்திருக்க நேர்ந்தது. அங்கு நோயாளருக்குப் பணிவிடை புரிந்தவர் தாமும் நோயுற்றார். 1542 மே 6 ஆம் நாளே அவர் கோவாவில் கால் வைத்தார். பயணம் எடுத்துக்கொண்ட காலம் பதின்மூன்று திங்கள்!

மனிதர் செல்லும் விரைவிலேயே மடல்களும் சென்றன. 1540 இல் உரோமையில் தம் தந்தையனைய இஞ்ஞாசியாரிடம் விடைபெற்றவர், அவரை மீண்டும் காணவேயில்லை. தோழர்கள் எழுதிய மடல்களிலிருந்து அவர்தம் கையொப்பங்களைக் கத்தரித்து எடுத்து, எந்நேரமும் தம் மார்போடு அணிந்திருந்தார் சவேரியார். 1553 ஜூன் 28 ஆம் நாள், அவரை ஐரோப்பாவிற்குத் திரும்பி வருமாறு பணித்து இஞ்ஞாசியார் மடல் வரைந்தார். சீனக் கரையோரத்துச் சான்சியன் தீவில், 1552 டிசம்பர் 3 ஆம் நாளே அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார் என்பது உரோமையில் அப்போது எவருக்கும் தெரியாது. ஏறத்தாழ ஏழு திங்களுக்கு முன் மறைந்தவருக்கு எழுதப்பட்ட அன்பு மடல் அது!

அன்பர்களே, இன்று நம் இல்லங்களிலும் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் அதற்கப்பாலும் வாழ்கின்றனர். அவர்தம் குரல் நொடியில் நம் செவிக்கு எட்டுகிறது. ஆயினும் நாளை பேசலாம் என்று நாம் தள்ளிப்போடும் நாள்கள் எத்தனை! கையொப்பத் துண்டுகளை நெஞ்சோடு சுமந்த அப்புனிதரை எண்ணி, இன்றிரவுச் செபமாலை முடிந்ததும், தொலைவில் இருக்கும் ஒருவரோடு பேசுவோமாக.