இரண்டு டிரைவர்கள்

எங்கள் தொழிலில் டிரைவர் என்றால் ஒரு கருவியை இயக்கத் தெரிந்த நிரல். திரைக்கு ஒரு டிரைவர், மெமரி கார்டுக்கு ஒரு டிரைவர். பினாங்கில் நான் வேலை பார்க்கும் சின்ன கம்பெனியில் போன வருடம் ஒரு கோளாறு வந்தது. அப்போது இந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன.

நாங்கள் செய்வது குளிர்சாதன லோரிகளுக்கான பதிவுப் பெட்டி. உறைந்த இறாலும் ஐஸ்கிரீமும் ஏற்றிப்போகும் லோரிக்குள் மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். பத்து விநாடிக்கு ஒருமுறை பெட்டி அதை அளந்து மெமரி கார்டில் எழுதும். உள்ளே ஓடுவது ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்னஞ்சிறு நிகழ்நேர இயங்குதளம். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. பெரிய வேலை வந்துவிட்டால், சின்ன வேலை எந்த வரியில் நின்றாலும் அப்படியே ஒதுங்கி வழிவிடணும். வெப்பநிலை அளப்பது பெரிய வேலை. கார்டில் எழுதுவது சின்ன வேலை.

ஒரு லோரியின் பதிவில் மட்டும் ஓட்டைகள் விழ ஆரம்பித்தன. கோலாலம்பூருக்குப் போகும் ராத்திரியில் அங்கங்கே எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. லோரி முதலாளிகள் முடிவுக்கு வர ரொம்ப நேரம் ஆகவில்லை. டிரைவர் வயரைப் பிடுங்கிவிட்டு, குளிர்சாதனத்தை நிறுத்தி, டீசல் மிச்சம் பிடிக்கிறார். விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் போனது.

அந்த அண்ணன் நேராக எங்கள் இடத்துக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். கையில் பள்ளிப்பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம். தாப்பாவில் நின்ற நேரம், கிளம்பிய நேரம், அப்போது லோரியின் மீட்டர் காட்டிய எண் என்று பேனாவால் வரிசையாக எழுதி வைத்திருந்தார். எல்லாம் மைனஸ் 18, மைனஸ் 17.

"தம்பி, உங்க பெட்டி பேசுறத நம்புறாங்க. நான் எழுதுறத யாரும் பாக்க மாட்றாங்க."

அந்த லோரியில் சமீபத்தில் கார்டை மாற்றியிருந்தார்கள், மலிவான, மெதுவான கார்டு. அதையே வாங்கி மேசையில் போட்டு மூன்று நாள் ஓடவிட்டேன். ஒரு ஓட்டைகூட விழவில்லை. 27 டிகிரி, 27 டிகிரி என்று சமர்த்தாக எழுதிக்கொண்டே இருந்தது. "அப்ப ஆளுதான் பிடுங்குறாரு" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் திரும்பத் திரும்பத் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. அதுவும் நிகழ்நேர இயங்குதளத்தில் முன்னுரிமைகள் சிக்கிக்கொண்ட கதைதான். பூமியில் இருந்த அதே மாதிரிக் கருவியில் அந்த நிலைமையை வரவழைத்த பிறகுதான் பொறியாளர்களுக்குக் காரணம் பிடிபட்டது. எனக்கு வேண்டிய செவ்வாய் எங்கள் பேன்ட்ரியிலேயே இருந்தது. பெட்டியை வெளியே வைத்து, அளக்கும் கம்பியை மட்டும் ஐஸ்பெட்டியின் ஃப்ரீஸருக்குள் விட்டு, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் பதினொரு ஓட்டைகள். யாரும் எந்த வயரையும் பிடுங்கவில்லை.

மெமரி கார்டுக்குள்ளும் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. 512 பைட் கொடுத்தால் உடனே "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லிவிடும். எழுதி முடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. எழுதி முடிக்கும்வரை பதில் சொல்லும் கம்பியைப் பூஜ்ஜியத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் பெட்டியில் அந்தக் கம்பி கார்டுக்கும் வெப்பமானிக்கும் பொது. கார்டிடம் "போதும், விடு" என்று சொன்னாலும் அது உடனே விடாது. அதற்குக் கடிகாரத் துடிப்பு வேண்டும். அதனால் ஒரு வெற்று பைட், அதாவது எட்டுத் துடிப்பு, அனுப்பி வைப்பது வழக்கம்.

எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய டிரைவரும் அதை அனுப்பத்தான் செய்தது. ஆனால் முதலில் கம்பியின் பூட்டைத் திறந்துவிட்டது, அடுத்த வரியில்தான் எட்டுத் துடிப்பை அனுப்பியது. இரண்டு வரிக்கும் நடுவில் சாதாரணமாக ஒன்றும் நடக்காது. கார்டு மெதுவாக இருந்தால் பூட்டு அதிக நேரம் மூடியே கிடக்கும், வெப்பநிலை வேலை வாசலில் காத்திருக்கும். பூட்டு திறந்த அதே நொடியில் அது உள்ளே பாய்ந்துவிடும். துடிப்பு இன்னும் போகவில்லை, கார்டு கம்பியை விடவில்லை.

வெப்பமானி முதலில் சொல்வது ஒரே ஒரு பிட்: ஒன்று என்றால் மைனஸ், பூஜ்ஜியம் என்றால் பிளஸ். அது ஒன்று என்கிறது, கார்டு கம்பியைப் பூஜ்ஜியத்தில் பிடித்திருக்கிறது. இந்த இழுபறியில் கார்டு ஜெயித்தால் மைனஸ் 18 என்பது 238 டிகிரி ஆகிவிடும். லாஜிக் அனலைசரில் அந்த 238-ஐப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. அந்தச் சூட்டில் இறால் பொரிந்தே போயிருக்கும். மேசையில் இருந்த 27 டிகிரிக்கு முதல் பிட் எப்போதும் பூஜ்ஜியம்தான். கார்டு பிடித்திழுத்தாலும் பதில் மாறாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் மட்டும் தெரிகிற பிழையை, ஏர்கான் அறையில் எத்தனை நாள் தேடினாலும் பார்க்க முடியாது.

பதிவில் 238 என்று விழுந்திருந்தால் யாரும் அந்த அண்ணனைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். "பெட்டி கெட்டுப்போச்சு" என்று எங்களுக்குத்தான் போன் வந்திருக்கும். ஆனால் நிரலில் இன்னொரு இடத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: 85 டிகிரிக்கு மேல் போகிற எண் எதுவானாலும் தூக்கிப்போட்டுவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விடு. வாடிக்கையாளருக்கு அறிக்கை சுத்தமாகத் தெரியணும், அவ்வளவுதான் நோக்கம். தான் உளறியதற்கான ஒரே சாட்சியையும் பெட்டி அப்படித்தான் அழித்தது. மிச்சமிருந்த வெற்றிடத்தை லோரி முதலாளிகள் தங்களுக்குத் தோன்றிய மாதிரி நிரப்பிக்கொண்டார்கள்.

திருத்தம் என்னவோ இரண்டு வரிகளை இடம் மாற்றியதுதான். முதலில் துடிப்பு, பிறகு பூட்டு. ஃப்ரீஸரில் ஒரு வாரம் ஓடவிட்டேன், ஓட்டை விழவில்லை. காரணத்தை விளக்கி இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். அதோடு அண்ணனின் நோட்டுப் புத்தகத்தையும் படம் பிடித்துச் சேர்த்தேன். ஓட்டை விழுந்த நேரங்களுக்கு முன்னும் பின்னும் அவர் குறித்த எண்களும் பெட்டியின் எண்களும் ஒத்துப்போயின. கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த நிபந்தனையையும் மாற்றினேன். இப்போது ஒவ்வாத எண் வந்தால் பெட்டி அதைத் தூக்கிப்போடாது. 238 என்றே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். அறிக்கை அசிங்கமாகத் தெரிகிறது என்று விற்பனைப் பிரிவில் இன்னும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். எங்கள் பெட்டி தடுமாறினால் அதன் தடுமாற்றம் அதன் பேரிலேயே பதிவாக வேண்டும், ராத்திரி முழுக்கத் தூங்காமல் லோரி ஓட்டுகிறவர் பேரில் அல்ல.