ஏரியும் அதன் மேட்டு நிலமும்

சண்டிகரில் வாழும் தமிழருக்கு முருகன் கோயில் உண்டு, தெப்பக்குளம் இல்லை. இட்டலிக்கு அரிசி உண்டு, ஆற்றங்கரை இல்லை. நீரைக் கண்ணாரக் காண விரும்புவோருக்குச் சுக்னா ஏரி ஒன்றே கதி. தெற்கிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பத்தை முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவ்வேரிக் கரைக்கு அழைத்துச் செல்வது நம் சங்கத்து அன்பர்களிடையே எழுதாத விதி. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எம்மையும் அவ்வாறே அழைத்துச் சென்றனர்.

அன்று எம் இல்லாள் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் நிற்கிறது. “ஏங்க, இவ்வளவு பெரிய ஏரிக்கு வரத்துக்கால் எங்கே இருக்கு?” சிவகங்கைச் சீமையில் பிறந்தவள். கண்மாயைக் கண்டால் கலுங்கையும் மடையையும் வரத்துக்காலையும் தேடும் கண் அவளுக்கு. உடன் வந்த அன்பர்கள் நகைத்தனர். எமக்கோ விடை தெரியவில்லை. மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்து, நாள்தோறும் ‘நீர்’, ‘நிலம்’, ‘நிதி’ என்று எழுதியவர் யாம். எனினும் கண்ணெதிரே கிடந்த ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று அறிந்தோமில்லை.

பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைச் சுருங்கச் சொல்லுவோம். சுக்னா இயற்கை ஏரி அன்று. 1958-ஆம் ஆண்டில், நகரை வடிவமைத்த லெ கார்பூசியேவும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும், சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் சுக்னா ஓடையை மறித்து உண்டாக்கிய நீர்நிலை அது. பரப்பு ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர். இவ்வோடைகளை இப்பக்கத்தார் ‘சோ’ என்பர். ஆண்டின் பெரும்பகுதி மணற்படுகையாய்க் கிடந்து, ஆடி ஆவணியில் பெருமழை கொட்டும்போது மட்டும் சீறி வரும் காட்டாறு. சிவாலிக் குன்றுகளோ இறுகிய பாறை அல்ல. மணற்கல்லும் களிமண்ணும் கூழாங்கல்லும் கலந்த இளகிய மண்மேடு. மேலே புல்லும் புதரும் போர்வையாய் இருக்கும்வரை அம்மண் நிற்கும். ஆட்டு வாயும் கோடரியும் அப்போர்வையைக் கிழித்துவிட்டால் ஒவ்வொரு மழையிலும் குன்று கரைந்து ஓடும். இக்கேடு இன்று நேற்று வந்ததன்று. சோக்கள் விளைநிலத்தை மணல்மூடச் செய்வதைத் தடுக்கவே 1900-ஆம் ஆண்டில் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

புதிய ஏரியும் விரைவில் வண்டலால் மேடேறத் தொடங்கியது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் 25 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை அரசு கையகப்படுத்தி மரம் வளர்த்தது. 1974-ஆம் ஆண்டில் ஓடையையே ஏரிக்குள் நேரே புகாதவாறு திருப்பிவிட்டனர். பின்வந்த ஆண்டுகளில் நகரத்து மக்கள் மண்வெட்டியும் கூடையும் ஏந்திச் சிரமதானமாக வண்டல் அள்ளியதை, எமக்கு முன் இங்குப் பணியாற்றிய மூத்தோர் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். பெருமைக்குரியதே. எனினும் கரையில் அள்ளிய கூடை மண்ணைவிட மலையில் நிற்கும் ஒரு கொத்துப் புல் ஏரிக்கு அதிகம் உதவும் என்ற உண்மையை ஊர் உணரச் செய்தவர் வேறொருவர்.

அவர் பி.ஆர். மிசுரா. மைய அரசின் மண்–நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் நிலையத்தில் பணியாற்றிய அறிஞர். வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடி மலையேறியவர், இன்று அரியானாவின் பஞ்ச்குலா மாவட்டத்தில் உள்ள சுக்கோமாஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தார். வானம் பார்த்த வேளாண்மை. பிழைப்புக்கு ஆடு மாடு. அவை மேய்ந்த குன்றின் மண்ணே ஏரியைத் தூர்த்துக்கொண்டிருந்தது. அறிஞர்கள் தடுப்பணை கட்டினர், மரம் நட்டனர். ஊரார் ஆடுகளை அங்கேயே மேய்த்தனர். நகரத்தாரின் படகு விளையாட்டுக்காக அவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

1976-ஆம் ஆண்டில் அவ்வூரில் ஒரு மண் அணை எழுந்தது. அதில் தேங்கிய நீர் வயலுக்குப் பாய்ந்தபோது ஊராரின் உள்ளம் மாறியது. குன்று சிதைந்தால் அணை தூர்ந்துபோகும். அணை தூர்ந்தால் கோதுமை காயும் என்பதைத் தம் வயலிலேயே கண்டனர். மலையில் மேய்ச்சலைத் தாமே நிறுத்தினர். கம்பியும் காவலாளும் இல்லை, ஊர்க்கட்டுப்பாடே வேலியாயிற்று. நிலம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அணைநீரில் சமபங்கு என்று விதித்ததே இத்திட்டத்தின் உயிர்நிலை. நிலமில்லாதவன் தன் பங்கு நீரை விற்கலாம். ஆகவே மலையைக் காப்பதில் அவனுக்கும் அக்கறை பிறந்தது. ஆடுகள் குறைந்து கறவை எருமைகள் பெருகின. முன்பு ஒப்பந்தக்காரருக்கு ஏலம் போன பாபர் புல், ஊர்ச் சங்கத்தின் கைக்கு வந்தது. கயிறு திரிக்கவும் காகித ஆலைக்கும் பயன்பட்டது. ஈட்டிய வருவாய்க்கு வருமான வரியும் விதிக்கப்பட்டதாம். மலையைத் திருத்திய கூலிக்கு வரி கட்டச் சொன்ன செய்தியைப் படித்தபோது, எழுத்தர் குலத்தவராகிய எமக்கே சிரிப்பும் நாணமும் ஒருங்கே வந்தன.

நாணத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரையைத் தொடங்கினோம்.

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், வேறொரு நகரத்து அலுவலகத்தில் இருந்தோம். மலை மாவட்டம் ஒன்றின் நீர்ப்பிடிப்புத் திட்டத்திற்குரிய அடுத்த தவணைக் கோப்பு எம் மேசைக்கு வந்தது. முந்தைய தவணையின் பயன்பாட்டுச் சான்றிதழில் ஒரு மேலொப்பம் இல்லை. ‘சான்றிதழ் முறையாக இல்லை, குறை நீக்கி அனுப்புமாறு திருப்பலாம்’ என்று குறிப்பு எழுதினோம். பிரிவு அலுவலர் கையொப்பமிட்டார். அது மார்ச்சு மாதத்தின் முதல் வாரம். மலைப்பாதையில் அஞ்சல் போய், கையொப்பம் பெற்று, மீண்டு வருவதற்குள் நிதியாண்டு முடிந்தது, ஒதுக்கீடு காலாவதியாயிற்று. அடுத்த ஆண்டு மறு ஒப்புதல் கோரி வந்த மடலில் ஒரு வரி இருந்தது: பாதி எழும்பிய மண்கரை மழையில் அரிக்கப்பட்டுவிட்டதால் திருத்திய மதிப்பீடு இணைக்கப்பட்டுள்ளது.

விதிப்படி எம் குறிப்பில் பிழையில்லை. எவரும் எம்மைக் குறைகூறவும் இல்லை. ஆனால் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லியிருந்தால், அம்மேலொப்பம் மூன்றே நாளில் வந்திருக்கும். அந்தக் கரையை யாம் கண்டதில்லை. எனினும் சுக்னாக் கரையில் நடக்கும்போதெல்லாம் அது எம் கண்முன் சரிந்துகொண்டே இருக்கிறது.

எம் பாட்டனார் காலத்தில் கண்மாய்க் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். போகாதவன் வயலுக்கு நீர் இல்லை. அங்கே காலாவதி என்ற சொல்லே கிடையாது, மழைதான் கெடு. “கண்மாய்க்குச் சோறு வரத்துக்காலில் வருது, அதை வெட்டாதவன் கரையில நின்னு என்ன பயன்?” என்பார். அரசு நிதி வந்தபின் கெடு மழையிடமிருந்து மார்ச்சு 31-க்கு மாறிவிட்டது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கரைகள் உடைகின்றன.

மற்றொன்றும் எழுத்தர் அறிவார். புதிய அணை கட்டப் பணம் கிடைக்கும். கட்டிய அணையைத் தூர்வாரப் பணம் கிடைப்பது அரிது. திட்டம் என்பது சில ஆண்டுகளில் முடிவது; மலை முடிவதில்லை. சுக்கோமாஜ்ரியிலும் பிற்காலத்தில் அணைகளில் வண்டல் ஏறியதையும், வருவாய்ப் பங்கு குறித்து ஊராருக்கும் வனத்துறைக்கும் மனத்தாங்கல் எழுந்ததையும் மறைப்பது நேர்மையன்று. மாநிலங்களின் கருவூலநிலையும் இதற்கொரு காரணம். காட்டைக் காக்கும் மாநிலம் அந்நிலத்தில் வேறு வருவாய் காண இயலாது, பயனோ கீழ்நாட்டார்க்கு. இதனை உணர்ந்தே, 2015 முதல் 2020 வரைக்குரிய 14-ஆம் நிதிக்குழு, மைய வரிகளை மாநிலங்களுக்குப் பகிரும் அளவுகோலில் காட்டுப் பரப்பிற்கு 7.5 விழுக்காடு இடமளித்தது. 15-ஆம் நிதிக்குழு அதனை 10 விழுக்காடாக உயர்த்தியது. நன்றே. ஆனால் அவ்வாறு வரும் தொகை மலைக்கே செல்லும் என்று எவ்விதியும் இல்லை. அதைக் கேட்கும் மக்கள் இருந்தால்தான் செல்லும்.

கேட்பவர் யார்? இதனை நம் சங்கத்தின் செயற்குழுவில் எழுப்பினோம். ஏரிக்கு மேலுள்ள சிறு தடுப்பணைகளை ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர்வாரத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று, நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பகிர்ந்துகொண்ட அரியானா, பஞ்சாப் அரசுகளுக்கும் சண்டிகர் நிருவாகத்துக்கும் சங்கத்தின் பெயரால் வேண்டுகோள் விடுக்கலாம் என்றோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், “நாம் வந்தேறிகள், இன்று இங்கே, நாளை எங்கோ. இவர்கள் ஊர்ப் பிரச்சினையில் நமக்கென்ன?” என்றார். கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்தவர் எம்மைத் தனியே அழைத்து, “தம்பி, பதவி உயர்வு வரும் நேரம். 1964 நடத்தை விதிகளை ஒருமுறை படியுங்கள். அரசின் கொள்கையைக் குறைகூறியதாக எவனாவது எழுதிப்போட்டால்?” என்றார். அன்பினால் சொன்ன சொல். பொய்யான அச்சமும் அன்று.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எம் இல்லாளிடம் சொன்னோம். “பதினாலு வருசமா இந்தத் தண்ணியைத்தானே பார்த்துட்டு வர்றோம். வந்தேறின்னா கரையில நடக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?” என்றாள். அவ்வளவே.

வேண்டுகோளில் எவரையும் குறைகூறவில்லை. ‘இன்னின்ன அணைகளில் வண்டல் ஏறியுள்ளது, மழைக்கு முன் அகற்ற நிதி ஒதுக்க வேண்டுகிறோம்’ என்று மட்டும் எழுதினோம். வரைவை அந்த மூத்தவரிடமே காட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருமுறை படித்து, இரண்டு சொற்களை மாற்றி, முதற்கையொப்பத்தை அவரே இட்டார். இரண்டாவது எமது. சங்கத்தினர் அறுபத்துமூவர் ஒப்பமிட்டனர். வந்தேறி என்று சொன்ன அன்பர் அறுபத்திரண்டாமவர்.

விடையாக இதுவரை வந்தது ஓர் ஒப்புகை எண் மட்டுமே. அலுவலக வாழ்வை அறிந்தவர் யாம். ஒப்புகை எண் விடையன்று என்பதையும், விதை என்பதையும் அறிவோம். இவ்வாண்டு மார்ச்சுக்கு முன் நினைவூட்டு மடல் அனுப்புவது என்று குழு முடிவு செய்துள்ளது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் சுக்னா ஏரியை உயிருள்ள சட்ட ஆளாக அறிவித்தது. உயிருள்ளதற்கு உணவு வேண்டும். அவ்வுணவு மேட்டு நிலத்திலிருந்து வருகிறது. அன்பர்களே, அடுத்த முறை புதிதாய் வந்த குடும்பத்தை ஏரிக்கு அழைத்துச் செல்லும்போது, படகையும் கரையையும் காட்டிய பின், வடகிழக்கே நீலமாய்த் தெரியும் குன்றுகளையும் காட்டுங்கள். “இதற்கு வரத்துக்கால் எங்கே?” என்று அவர்கள் கேட்டால், யாம் அன்று நின்றதுபோல் விடையின்றி நிற்க வேண்டாம்.