குன்னூரில் ஒரு பள்ளி நூலகம்... புத்தகத்தோடு விதையும் இரவல்!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பஸ் பர்லியாரைத் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. சுமார் 6,000 அடி உயரத்தில் குன்னூர். இறங்கும் சுற்றுலாப் பயணிகளில் பாதிப் பேர் சிம்ஸ் பூங்காவுக்கும், மீதிப் பேர் டால்பின் நோஸுக்கும் வண்டி பிடிக்கிறார்கள். தேயிலைச் சரிவை ஒட்டியிருக்கும் ஒரு பள்ளியின் நூலகத்தைத் தேடி யாரும் வருவதில்லை. வந்தால், மேசை மேல் இரண்டு பதிவேடுகளைப் பார்க்கலாம்.

ஒன்று, புத்தகம் எடுத்தவர்கள் பட்டியல். இன்னொன்றில் இப்படி எழுதியிருக்கிறது: 'ஏழாம் வகுப்பு, கொடி பீன்ஸ், 10 விதை.' விளைந்ததும் 20 ஆகத் திருப்பித் தர வேண்டும். அபராதம் கிடையாது.

இரண்டையும் பராமரிப்பவரை, பிள்ளைகள் 'லைப்ரரி டீச்சர்' என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் தோட்டம் வைத்திருக்கிறார். விடிந்ததும் முதல் வேலை, இரவில் காட்டுமாடு வேலியைச் சாய்த்திருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்து, முட்டைக்கோஸ் இலைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நத்தைகளைப் பொறுக்குவது. எட்டரை மணிக்குப் பள்ளிக்கு நடந்துவிடுகிறார்.

ஈரம்தான் எதிரி

நூலகத்துக்கு வந்ததும் ஜன்னலைத் திறப்பதில்லை. மேகமூட்டம் இருக்கும்போது திறந்தால் ஈரம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பதினொரு மணி வாக்கில் வெயில் எட்டிப்பார்த்த பிறகுதான் கதவுகளை விரியத் திறக்கிறார்.

ஜனவரியில் பனி கொட்டினாலும் பகலில் காற்று உலர்ந்திருக்கும். அதுதான் இவருக்கு முக்கியமான சீசன். புத்தகங்களை விசிறிபோல விரித்து நிற்க வைக்கிறார். பக்கத்திலேயே முறங்களில் விதைகள் காய்கின்றன. இரண்டுமே நிழலில்தான். நேர் வெயில் பட்டால் அட்டை வெளுக்கும், விதையின் முளைப்புத்திறன் குறையும். பல்லில் வைத்துக் கடிக்கும்போது 'டக்'கென்று உடைந்தால் விதை காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கோடை விடுமுறையில் கார்போக உருளைக்கிழங்கு. மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி. 1874-ல் உருவான பூங்கா அது. கூட்டம் பழங்களால் செய்த உருவங்கள் முன்னால் நின்று போட்டோ எடுக்கும்போது, இவர் மரங்களின் பெயர்ப்பலகைகளைக் குறித்துக்கொண்டிருப்பார். பள்ளி திறந்ததும் அந்தப் பெயர்கள் பிள்ளைகளுக்கான வினாடி வினாவாகிவிடும். பிளம்ஸ், பேரிக்காய், அப்புறம் பெர்சிமன் என்று ஆகஸ்ட் வரை பழக்காலம். அந்த மாதங்களில் வீட்டில் ஜாம் மணக்கும். ஆகஸ்ட் 12, நூலகர் தினம். அன்று யாராவது வாழ்த்துச் சொன்னால் ஒரு பாட்டில் ஜாம் கிடைக்கும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. மலைப்பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாகும் நாள்களில் இவருக்கு பைண்டிங் வேலை. கிழிந்த புத்தகங்களை ஒட்ட மைதா பசை காய்ச்சி, பூச்சி அண்டாமலிருக்கத் துளி மயில்துத்தம் சேர்க்கிறார். உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையிலும் இருப்பது அதே மயில்துத்தம்தான். "எனக்கு ரெண்டு வேலைக்கும் ஒரே மருந்துக்கடை" என்று சிரிக்கிறார்.

பூட்டிய அலமாரி

விதைப் பதிவேடு தொடங்கியதற்குப் பின்னால் ஓர் இழப்பு இருக்கிறது. அம்மா கொடுத்த கொடி பீன்ஸ் விதை, கறுப்பு வரி ஓடியது. கடையில் கிடைக்காது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பாட்டிலில் போட்டு, விலை உயர்ந்த கலைக்களஞ்சியங்கள் இருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த ஆண்டு இரண்டு வாரம் விடாத மழை. திறந்தபோது கலைக்களஞ்சியங்களின் முதுகில் வெள்ளைப் பூஞ்சணம். பாட்டிலுக்குள்ளும் அதே பூஞ்சணம். ஒரு விதைகூடத் தேறவில்லை.

பிள்ளைகள் தினமும் புரட்டிய கதைப்புத்தகங்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவை அலமாரியிலேயே இல்லை, வீடுகளில் இருந்தன.

இரண்டு நாள் கழித்து எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் காகிதப் பொட்டலத்தோடு வந்தான். போன சீசனில் விளையாட்டாக 10 விதை வாங்கிப் போனவன். "பாட்டி அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க டீச்சர்" என்றான். உள்ளே அதே கறுப்பு வரி பீன்ஸ்.

அன்றிலிருந்து அந்த அலமாரிக்குப் பூட்டு இல்லை. கலைக்களஞ்சியத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். தோட்டக்கலைப் புத்தகங்களுக்கான 635-ம் எண் தட்டு பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. விதைகளில் பீன்ஸ், அவரை, பட்டாணி எல்லாம் இரவல் உண்டு. மேரக்காய்க்கு மட்டும் தனி விதி. அதன் விதை காய்க்குள்ளேயே முளைக்கும் என்பதால், காயாக வாங்கி காயாகவே திருப்பித் தர வேண்டும். கேரட் கேட்டால் கைவிரிக்கிறார். அது விதை கட்ட இரண்டாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பிள்ளைகள் பிடுங்கித் தின்றுவிடுவார்கள்.

வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். புத்தகங்களை ஒப்படைக்க இருப்புப் பட்டியல் இருக்கிறது. விதைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அடுத்து வருபவர் அந்த இரண்டாவது பதிவேட்டைத் தொடர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அதனால் இந்த ஜனவரியில் ஒரு முடிவெடுத்திருக்கிறார். பாட்டில்களில் எதையும் மிச்சம் வைக்கப்போவதில்லை. காய்ந்த விதைகளைப் பத்துப் பத்தாக எண்ணிப் பொட்டலம் கட்டி, கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பதிவேட்டில் திருப்பித் தர வேண்டிய தேதிக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுகிறார்.

"எப்ப டீச்சர் திருப்பித் தரணும்?" என்று கேட்கிறாள் ஒரு சிறுமி.

"எனக்கு வேணாம்மா. பக்கத்து வீட்டுக்குக் குடு. யாருக்குக் குடுத்தேன்னு மட்டும் இந்த நோட்டுல வந்து எழுதிட்டுப் போ."