வைரஸ் என்று நான் சொன்னது பொய்

பெரிய காஞ்சிபுரத்தில், கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டுக்கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர், பிள்ளையார்பாளையத்து நெசவு வீடுகளில் டிசைன் போடுகிற கம்ப்யூட்டர் என எல்லாமே என் மேஜைக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரே புகார்தான்: "ஆன் பண்ணினா டெஸ்க்டாப் வந்துடுது, அதுக்கப்புறம் எதைத் தொட்டாலும் அசைய மாட்டேங்குது." அதற்கு நான் வைத்திருந்த ஒரே வைத்தியம் பார்மட். எதனால் மெதுவாகிறது என்று பார்க்காமலே பார்மட் போட்டேன். பல வருடம் அப்படித்தான் பிழைத்தேன். அந்தப் பிழைப்பில் ஒரு நெசவுக் குடும்பத்தின் டிசைன்களை அழித்தேன். அழித்தது நான்தான் என்பதையும் மறைத்தேன்.

பார்மட் போட்டால் காசு நிச்சயம். விண்டோஸ் எக்ஸ்பி சிடியைச் செருகிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், நான் அடுத்த மெஷினைப் பிரிக்கலாம். உட்கார்ந்து காரணம் தேடினால் அரை நாள் போய்விடும். கடைசியில் ஒரு புரோகிராமை நிறுத்தினால் போதும் என்று தெரிந்தால், அதற்குக் காசு கேட்கவே வாய் வராது. வாடிக்கையாளர்களே "பார்மட் அடிச்சுக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். அந்த வார்த்தையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்னைப் போன்ற கடைக்காரர்கள்தான்.

அந்தக் குடும்பத்துப் பெரியவர் சிபியூவைத் துண்டில் சுற்றி டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். தீபாவளிக்கு முந்தைய மாதம், தறி நிற்கக்கூடாத நேரம். அவருடைய அப்பா கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்த கரை டிசைன்கள் அதில் இருந்தன. மயில் சக்கரம், இருதலைப்பட்சி, தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு. தாள் மடிப்பில் கிழிந்து பொடிந்துபோகவே, எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். அந்தக் கட்டங்களை வைத்துத்தான் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடிப்பார்கள். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய பாவு நூல் மேலே எழும், இல்லாவிட்டால் கீழேயே நிற்கும். ஒரு துளை தப்பினாலும் கரை நெடுக அதே பிழை திரும்பத் திரும்ப வரும்.

"ஃபைல் எல்லாம் உள்ளேதான் இருக்கு தம்பி, பார்த்துச் செய்" என்றார். தலையாட்டினேன். மெஷினை ஆன் செய்தேன். மவுஸ் அம்பு நகர்ந்தது, ஸ்டார்ட் பட்டன் திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. உள்ளிருந்து விட்டுவிட்டு டிக் டிக் என்று சத்தம் வந்தது. அது எனக்குக் கேட்டது. கேட்டும், ஃபைல்கள் டி டிரைவில்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டு சி டிரைவை அழித்தேன். அவர்கள் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தார்கள். டெஸ்க்டாப் சி டிரைவைச் சேர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்குத் தெரியும்.

அந்த மெஷினுக்கு என்ன கோளாறு என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். டிஸ்க்கில் சில இடங்கள் பழுதாகத் தொடங்கியிருந்தன. பழுதான இடத்தைப் படிக்க முடியாமல் டிஸ்க் மறுபடி மறுபடி முயலும். அதுவரை விண்டோஸ் காத்துக் கிடக்கும். ஆன் செய்தவுடன்தான் நூற்றுக்கணக்கான ஃபைல்களைப் படிக்க வேண்டியிருக்கிறது, அதனால் முதலில் தெரிவதும் அப்போதுதான். எக்ஸ்பியில் இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட பிழைகள் மொத்தம் ஆறு சேர்ந்துவிட்டால், டிஸ்க்கோடு பேசும் வேகத்தை விண்டோஸ் தானாகவே படிப்படியாகக் குறைக்கும். கடைசியில் டிஎம்ஏ என்ற வேகமான முறை போய் பிஐஓ என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். அப்புறம் ஒவ்வொரு துணுக்குத் தகவலையும் பிராசசரே கையால் சுமக்க வேண்டியதுதான். புதிதாக விண்டோஸ் போட்டால் அந்தக் கணக்கு அழிந்து வேகம் திரும்பிவிடும். என் பார்மட் வைத்தியம் பலிப்பதுபோல் இத்தனை வருடம் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். நோய் அப்படியே இருக்க, காய்ச்சல் மட்டும் இறங்கியிருக்கிறது. விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்திருந்தால் டிஸ்க் பிழைகள் சிவப்புக் குறியோடு வரிசையாக நின்றிருக்கும். அந்தப் பதிவையும் சேர்த்து அழித்துவிட்டேன்.

பெரியவர் திரும்பி வந்து ஃபோல்டரைக் காணவில்லை என்றபோது, வைரஸ் தின்றுவிட்டது என்று சொன்னேன். மீட்பு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். பேரில்லாமல் சில படங்கள் வந்தன. ஒன்றைத் திறந்தால் பாதி மயில் இருந்தது, மீதி வெறும் புள்ளிக் குப்பை. "இவ்வளவுதான் கிடைக்கும் ஐயா" என்று அந்த டிஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது டிஸ்க் விற்றேன். கூடவே ஆன்டிவைரஸும் விற்றேன். என் பொய்க்கு அவரிடமே காசு வாங்கினேன்.

கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று பழைய அட்டைகளில் பெரும்பகுதியை அவர்கள் முன்பே எடைக்குப் போட்டிருந்தார்கள். மிஞ்சியவை பரணில் இருந்தன. பெரியவரின் மகன் அவற்றை இறக்கி, ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் பிடித்துத் துளையைப் பார்த்து, மறுபடி கிராப்பில் கட்டம் நிரப்பினார். இந்த அட்டை முறை லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்தது. துளை அட்டை என்ற யோசனையைக் கணித அறிஞர் பாபேஜ் தன் கணக்குப்பொறிக்கு எடுத்துக்கொண்டதே தறியிலிருந்துதான். அட்டையைப் படிக்க மின்சாரமும் வேண்டாம், விண்டோஸும் வேண்டாம். அப்படித்தான் மல்லிமொக்கும் தாழம்பூ ரேக்கும் மீண்டன. இருதலைப்பட்சி மீளவில்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பேரைக் காக்கும். ஒரு வீட்டுக் கரையில் அந்தப் பறவையின் கழுத்து எத்தனை கட்டத்தில் வளைகிறது என்பது அந்த வீட்டில் இருந்தால்தான் உண்டு.

உண்மையைப் பெரியவரின் மகனிடம் வெகு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த டிஸ்க்கைச் சென்னைக்காவது கொண்டுபோய்க் காட்டியிருப்போமே அண்ணே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பார்மட் போட்டது அவசரம், அலட்சியம். வைரஸ் என்று சொன்னதுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த ஒரு வழியையும் அடைத்தது.

இப்போது எந்த மெஷின் வந்தாலும் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைத்தான் முதலில் படிக்கிறேன். அது சரியில்லை என்றால் வேறு எதையும் தொடாமல் ஃபைல்களைப் பிரதி எடுக்கிறேன். டிஸ்க் நன்றாக இருந்தால் காரணம் பெரும்பாலும் சின்னதுதான். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தால் ஆன் ஆனதுமே தானாக எழுந்திருக்கும் புரோகிராம்கள் தெரியும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பட்டுக்கடைகளில், இன்னும் ஆன் செய்யாத குடோன் கம்ப்யூட்டரைத் தேடிக்கொண்டு பில் மெஷின் காத்திருக்கும். நெசவு வீடுகளில் நூல் பிசிறு விசிறியை அடைத்து, சூடேறி வேகம் குறையும். இதற்கெல்லாம் பார்மட் தேவையே இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் பழைய மெஷின்கள் மறுபடி கடை கடையாக ஏறி இறங்குகின்றன. யாரிடம் கொடுத்தாலும், ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் எடுத்து உங்கள் கண் முன்னால் திறந்து காட்டிய பிறகே பார்மட் போடச் சொல்லுங்கள். என்னிடம் பார்மட் போட்டு எதையாவது இழந்தவர்கள் இருந்தால், பழைய டிஸ்க் பரணில் கிடந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். எதிலும் மாட்டி ஆன் செய்து பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். மேலே வேறு எதுவும் எழுதப்படாத ஃபைல்கள் இன்னும் அதில் இருக்கலாம். காசு வாங்காமல் தேடித் தருகிறேன். என்னால் முடியாவிட்டால் முடியவில்லை என்றே சொல்கிறேன்.